பெரியபட்டினம் பக்கம் லான் பராமரிப்பு வேலை: இன்ஸ்டாவில் ஆயிரக்கணக்கில் பார்க்கிறார்கள், வேலை மட்டும் வரவில்லை

பெரியபட்டினம்_பச்சை கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். நாலு வருடம் ஷார்ஜாவில் தோட்டப் பராமரிப்பு வேலை பார்த்துவிட்டுப் போன வருடம் ஊருக்கு வந்துவிட்டேன். வெளிநாட்டுக்குத் திரும்பிப் போவதாக இல்லை. புல் வெட்டுகிற மிஷின் ஒன்று, தோளில் மாட்டுகிற பிரஷ் கட்டர் ஒன்று, ஸ்பிரேயர் ஒன்று வாங்கி, கூட ஒரு தம்பியைச் சேர்த்துக்கொண்டு வேலை செய்கிறேன். இப்போது கையில் இருப்பது ஐந்து இடம்: கீழக்கரையில் மூன்று வீடு, மண்டபம் பக்கம் ஒரு ரிசார்ட், ராம்நாட்டில் ஒரு பள்ளிக்கூடம். ஐந்துமே ஆள் சொல்லி ஆள் வந்ததுதான். பத்து இடமாவது இருந்தால்தான் தம்பிக்குச் சம்பளம் கொடுத்து, மிஷின் தவணை கட்டி, எனக்கும் ஏதாவது மிஞ்சும்.

ஏழு மாதமாக இன்ஸ்டாவில் ரீல்ஸ் போடுகிறேன். காடு மாதிரி கிடந்த புல்லை வெட்டி ஓரம் எடுத்து, முன்னால் எப்படி இருந்தது பின்னால் எப்படி ஆனது என்று காட்டுகிற வீடியோக்கள்தான். ஒரு ரீலை அறுபதாயிரம் பேருக்கு மேல் பார்த்தார்கள். போன் வரப்போகிறது என்று இரண்டு நாள் போனைக் கையிலேயே வைத்திருந்தேன். வந்ததெல்லாம் கோயம்புத்தூர், பெங்களூர், கொச்சியிலிருந்து "சூப்பர் ப்ரோ", அப்புறம் "அந்த மிஷின் என்ன விலை". நம்ம பக்கத்திலிருந்து ஒருவர்கூட இல்லை.

இப்போது மதுரையில் விளம்பரம் பார்க்கிற ஒருவர், மாதம் 8,000 ரூபாய் கொடுத்தால் எல்லாப் பக்கத்தையும் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார். அதைக் கொடுக்கலாமா, இல்லை நானே பூஸ்ட் (காசு கட்டிப் பதிவை நிறையப் பேருக்குக் காட்டுவது) போட்டுப் பார்க்கலாமா? ரிசார்ட்டை ட்ரோனில் எடுத்துப் போட்டால் எடுபடுமா? இந்தக் கரையில் இதே மாதிரி வேலை செய்கிறவர்கள், வீட்டில் லான் வைத்திருப்பவர்கள் யாராவது இருந்தால் உள்ளதைச் சொல்லுங்கள்.

---

பாம்பன்_தோட்டக்காரர்:

தம்பி, அந்த 8,000 ரூபாயைக் கொடுக்காதே. ஐந்து இடம் வைத்திருக்கிறவனுக்கு அது பெரிய தொகை. அதில் உரம் வாங்கலாம், பிளேடு மாற்றலாம்.

பூஸ்ட் பற்றி நான் பட்டதைச் சொல்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன் ராமேஸ்வரம் தீவுக்குள்ளே ஒரு பெரிய விடுதியின் லானை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கொரியப் புல், பின்னால் கடல், பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும். அதைப் படம் எடுத்துப் போட்டு 3,000 ரூபாய்க்கு பூஸ்ட் போட்டேன், 18 சதவீத ஜிஎஸ்டி தனியாகப் போனது. லைக் கொட்டியது. போனும் வந்தது. வந்த போனெல்லாம் "ரூம் இருக்கா, ஏசி ரூம் என்ன ரேட், கோயிலுக்கு எவ்வளவு தூரம்". பாதிப் பேர் இந்தியில் கேட்டார்கள். லான் வேலைக்கு ஒன்றுகூட இல்லை.

பிறகு உட்கார்ந்து பார்த்தபோதுதான் காரணம் புரிந்தது. விளம்பரத்துக்கு இடம் தேர்ந்தெடுக்கும்போது ராமேஸ்வரம் என்று போட்டால், அங்கே குடியிருப்பவர்கள் மட்டும் அல்ல, சமீபத்தில் அங்கே வந்துபோனவர்களும் சேர்ந்துதான் கணக்கு. முன்பு குடியிருப்பவர்களை மட்டும் பிரிக்க ஒரு வழி இருந்தது, 2023-இல் அதை எடுத்துவிட்டார்கள். நம்ம தீவில் ஊர்க்காரர்களைவிட யாத்திரைக்கு வருகிற கூட்டம்தான் அதிகம், பாம்பன் புதுப் பாலம் 2025 ஏப்ரலில் திறந்த பிறகு பாலத்தைப் பார்க்கவே தனியாக ஆள் வருகிறார்கள், ஆடி அமாவாசை, தை அமாவாசை என்றால் கேட்கவே வேண்டாம். தீர்த்தமாட வந்தவர் போனில் உன் லான் விளம்பரம் ஓடி என்ன ஆகப்போகிறது?

கட்டாயம் போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் இன்ஸ்டாவில் இருக்கிற பூஸ்ட் பட்டனை அழுத்தாதே. விளம்பரம் போடுவதற்கென்றே தனியாக இருக்கிற ஆட்ஸ் மேனேஜரில் போய், மேப்பில் ராமநாதபுரம், கீழக்கரை இரண்டிலும் பின் குத்தி, சுற்றளவைச் சின்னதாக வைத்து, கோயில் பக்கத்தை விலக்கிவிடு. அழுத்தினால் நேராக உன் வாட்ஸ்அப் திறக்கிற மாதிரி வை. படத்தில் கடலும் பூவும் வேண்டாம். மிஷினைப் பிடித்து நீ வெட்டுகிற படம், மேலே பெரிய தமிழ் எழுத்தில் "புல்தரை பராமரிப்பு". அப்போதுதான் ரூம் கேட்க மாட்டார்கள்.

அதற்கும் முன்னால் கூகுள் மேப்பில் உன் பெயரை ஏற்று, காசு கிடையாது. கடை இல்லாவிட்டாலும் பரவாயில்லை, வீட்டு முகவரியை மறைத்துவிட்டு எந்தெந்த ஊருக்கு வேலைக்குப் போவாய் என்று மட்டும் கொடுக்கலாம். புது மேனேஜர் ஒருவர் ரிசார்ட்டுக்கு வந்து சேர்ந்தால் இன்ஸ்டாவில் தேட மாட்டார், கூகுளில்தான் தேடுவார். எனக்கு உச்சிப்புளியிலும் தங்கச்சிமடத்திலும் கிடைத்த இரண்டு இடமும் அப்படி வந்தவை.

---

உச்சிப்புளி_கேமரா:

ட்ரோன் கேள்விக்கு மட்டும் பதில், நான் கல்யாண வீடியோ எடுக்கிறவன். எங்கள் ஊரில் ஐஎன்எஸ் பருந்து கடற்படை விமானத்தளம் இருக்கிறது, கடற்படை இடங்களைச் சுற்றி ட்ரோன் பறக்க அனுமதி கிடையாது, இந்தக் கரை முழுக்கவே கண்காணிப்பு அதிகம். ட்ரோனுக்கான அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் எது சிவப்பு (தடை), எது மஞ்சள் (கட்டுப்பாடு) என்று பார்க்காமல் எதையும் மேலே ஏற்றாதீர்கள். "ரிசார்ட் ஓனர் சொன்னார்" என்பது பதில் ஆகாது. லானுக்கு மாடியில் நின்று போனில் எடுத்தாலே போதும். காலையில் வெயில் சாய்வாக விழும்போது எடுங்கள், வெட்டின கோடு தெளிவாகத் தெரியும். உச்சிவெயிலில் எடுத்தால் நல்ல புல்லும் வெளிறித்தான் தெரியும்.

---

கீழக்கரை_லாத்தா:

தம்பி, நான் மறுபக்கத்திலிருந்து பேசுகிறேன். எங்கள் வீடு கீழக்கரையில், நாங்கள் இருப்பது துபாயில். வீட்டு முன்னால் சின்ன லான், பின்னால் கொஞ்சம் பெரியது. மூன்று பேரை மாற்றிவிட்டோம், நாலாவது ஆளிடம்தான் நிம்மதியாக இருக்கிறோம். ஏன் என்று சொன்னால் உங்களுக்கு உதவும்.

முதலில் ஒரு வருத்தத்தைச் சொல்லிவிடுகிறேன். இரண்டாவதாக வந்த பையன் நல்ல வேலைக்காரன்தான். ஆனால் ஒரு நாள் என் தங்கை அவனுடைய ரீலை அனுப்பினாள். எங்கள் கேட், கேட்டில் தொங்குகிற பூட்டு, பக்கத்துச் சந்து, போர்ட்டிகோ எல்லாம் தெளிவாக இருக்கிறது, மேலே ஊர்ப் பெயர் டேக் வேறு. கூடவே "ஓனர் துபாயில், வருடத்துக்கு ஒரு தடவைதான் வருவார், பாருங்கள் எப்படிக் கிடந்தது" என்று பேசியிருந்தான். அவன் மனதில் கெடுதல் எதுவும் இல்லை. ஆனாலும் எங்கள் வீடு பூட்டிக் கிடக்கிறது என்று ஊர் முழுக்கத் தண்டோரா போட்டதுபோல் ஆகிவிட்டது. அன்று ராத்திரி என் மாமியார் தூங்கவில்லை, மறுநாளே அவனை நிறுத்திவிட்டோம். நம்ம பக்கம் லான் வைத்திருக்கிற வீட்டில் எத்தனை வீட்டில் ஆள் இருக்கிறார்கள்? துபாய், சவூதி, மலேசியா, சென்னை என்றுதான் இருப்போம். உங்கள் ரீல்ஸை இப்போதுதான் போய்ப் பார்த்தேன், அதில் இரண்டு வீட்டை என்னால் அடையாளம் சொல்ல முடிந்தது. தயவு செய்து இன்றைக்கே எடுத்துவிடுங்கள். புல்லை மட்டும் காட்டுங்கள், தரையைக் காட்டுங்கள், உங்கள் கையைக் காட்டுங்கள். கேட், வீட்டு முகப்பு, தெரு, இருப்பிடம் எதுவும் வேண்டாம்.

இரண்டாவது, காசு கொடுப்பவர் யார் என்று யோசித்துப் பாருங்கள். லானை நான் வருடத்தில் ஒரு மாதம்தான் கண்ணால் பார்க்கிறேன், பதினொரு மாதம் போனில்தான் பார்க்கிறேன். எனக்கு வேண்டியது பாட்டுப் போட்ட ரீல் இல்லை. வாரம் ஒரு தடவை, ஒரே இடத்தில் நின்று, வாசல் படியிலிருந்து எடுத்த அரை நிமிட வீடியோ, எனக்கு மட்டும். போன வாரத்தையும் இந்த வாரத்தையும் பக்கத்தில் வைத்தால் வேலை நடந்ததா இல்லையா என்று தெரிந்துவிடும். இங்கே வாட்ஸ்அப் கால் எடுபடாது, அதனால் கூடவே ஒரு குரல் பதிவு. இப்போது வேலை பார்க்கிற காக்கா (எங்கள் பக்கம் அண்ணனைக் காக்கா, அக்காவை லாத்தா என்போம்) அப்படித்தான் அனுப்புகிறார்: "லாத்தா, கிணத்துப் பக்கம் கொஞ்சம் மஞ்சள் அடிச்சிருக்கு, தண்ணி உப்பு ஏறிடுச்சு, மழை வரட்டும் சரியாகிடும், இப்ப உரம் போட வேணாம்." இந்த ஒரு குரல் பதிவுக்காகவே நான் அவரை விடமாட்டேன். ஒளிக்காமல் குறையையும் சொல்கிறார், அனாவசியச் செலவும் வைக்கவில்லை.

அவருக்கு விளம்பரமே நாங்கள்தான். அந்த வீடியோவை நான் குடும்பக் குரூப்பில் போட்டேன், என் மைத்துனி கேட்டாள், அடுத்து அவள் சம்பந்தி வீடு. நாங்கள் நாலு வீடு இப்போது அவரிடம்தான்.

இன்னொன்று, ஜூலை ஆகஸ்டில் இங்கே பிள்ளைகளுக்குப் பள்ளி லீவு, எல்லாரும் ஊருக்கு வருவோம். அதுதான் அங்கே மழை இல்லாத, காற்று வறுத்தெடுக்கிற காலம். வந்து இறங்கினதும் காய்ந்த தரையைப் பார்த்தால் அத்தனை வருத்தமாக இருக்கும். மார்ச் ஏப்ரலிலேயே "லீவுக்கு வருகிறீர்களா, இப்போதே ஆரம்பித்தால்தான் ஜூலைக்குத் தயாராகும்" என்று ஒரு ஸ்டேட்டஸ் போடுங்கள், கட்டாயம் கேட்பார்கள்.

---

பெரியபட்டினம்_பச்சை:

லாத்தா, அந்த ரீல்ஸ் இரண்டையும் இப்போதே எடுத்துவிட்டேன். இன்னும் ஐந்தில் தெரு தெரிகிறது, அதையும் எடுத்துவிட்டேன். அந்த அறுபதாயிரம் பார்த்ததும் அதில் ஒன்றுதான். ஷார்ஜாவில் இருந்தபோது நானும் என் அம்மா தனியாக இருக்கிற வீட்டை நினைத்து எத்தனையோ ராத்திரி தூங்காமல் கிடந்திருக்கிறேன், இது எனக்கே தோன்றியிருக்க வேண்டும். அந்த மூன்று வீட்டுக்காரர்களுக்கும் இன்று பேசி மன்னிப்புக் கேட்கிறேன்.

அப்படியானால் பொதுவாக எல்லாரும் பார்க்கிற இடத்தில் என்னதான் போடுவது?

---

திருப்புல்லாணி_நர்சரி:

இதற்கு என்னிடம் பதில் இருக்கிறது. முப்பது வருடமாகச் செடி விற்கிறேன். வாங்கிப் போனவர்கள் திரும்பி வந்து திட்டினால் அதில் பாதி புல் பற்றியதாகத்தான் இருக்கும்.

கார்பெட் புல் விரித்த அன்றைக்கு எந்த ஊரிலும் பச்சையாகத்தான் இருக்கும். நம்ம கரையில் அது தேறுமா என்பது மூன்று மாதம் கழித்துத்தான் தெரியும். மண் வெறும் மணல், ஊற்றுகிற தண்ணீர் நிற்காது, போர் தண்ணீர் பல இடத்தில் உப்பு, மேலே கச்சான் காற்று கடல் உப்பை அள்ளிக்கொண்டு வந்து இலை நுனியைக் கருக்குகிறது. இதையெல்லாம் சொல்லாமல் விரித்த நாள் படத்தை மட்டும் போடுகிறவர்கள்தான் எல்லாரும். நீங்கள் மூன்றாவது மாதப் படத்தைப் போடுங்கள், தேதியோடு. சித்திரையில் மஞ்சள் அடித்த தரை ஐப்பசி மழைக்குப் பிறகு எப்படித் திரும்பி வந்தது என்று அதே இடத்தில் நின்று காட்டுங்கள். மழைத் தண்ணீர் உப்பைக் கீழே கழுவி இறக்குவதால்தான் கார்த்திகை, மார்கழியில் நம்ம புல் அவ்வளவு அழகாக இருக்கிறது என்று ஒரு வரி சொல்லுங்கள். அதைக் கேட்ட வீட்டுக்காரர் உங்களை விவரம் தெரிந்த ஆள் என்று நினைப்பார். கோயம்புத்தூர்க்காரர் பார்க்காமல் தள்ளிவிட்டுப் போவார், போகட்டும். உவர்த் தண்ணீரால் அவதிப்படுகிற நம்ம ஊர்க்காரர் ஒருவர் நின்று பார்த்தால் போதும்.

பேசுவதற்கு விஷயம் கொட்டிக் கிடக்கிறது. உப்புத் தண்ணீரைத் தினம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தால் உப்பு மேலேயே தங்கிவிடும், இடைவெளி விட்டு நன்றாக நனைகிற மாதிரி விட்டால் கீழே இறங்கும். நண்பகலில் இலை மேல் தெளித்தால் கருகும். எல்லாப் புல்லும் உப்பு தாங்காது. நம்ம அருகம்புல் தாங்கும், பாஸ்பாலம் என்று கடற்கரைப் புல் ஒன்று இருக்கிறது, அது இன்னும் தாங்கும், கொரியப் புல் ஓரளவு தாங்கும். வெயில் நேரத்தில் ஒட்ட வெட்டினால் வேர் காயும். கோரையை மேலே வெட்டிவிட்டால் போகாது, கிழங்கைத் தோண்டி எடுக்க வேண்டும். ஒவ்வொன்றும் ஒரு நிமிட வீடியோ. உங்கள் குரலிலேயே, நம்ம ஊர்த் தமிழிலேயே பேசுங்கள். எந்த வீட்டையும் காட்ட வேண்டியதில்லை, ஒரு கைப்பிடி மண்ணைக் காட்டினால் போதும்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். கோடையில் ஹோஸ் பிடித்து லானுக்குத் தண்ணீர் பீய்ச்சுகிற வீடியோவைப் போடாதீர்கள். காவிரித் தண்ணீர் குழாயில் வருகிற நாளைப் பார்த்துக் குடத்தை வரிசையில் வைக்கிற ஊர் இது. கமெண்டில் திட்டுவார்கள், திட்டுவதில் நியாயமும் இருக்கிறது. குடிக்கிற தண்ணீர் புல்லுக்குப் போவதை நானும் ஒத்துக்கொள்ள மாட்டேன். துணி துவைத்த தண்ணீரை, குளித்த தண்ணீரைச் சோப்பு அதிகம் இல்லாமல் திருப்பிவிடுகிற வீடு உங்களிடம் இருந்தால் அந்தக் குழாய் அமைப்பைக் காட்டுங்கள்.

தண்ணீர் ஒத்துவராத இடத்தில் புல் வேண்டாம் என்று சொல்லவும் தெரிய வேண்டும். போன மாதம் சேதுக்கரைப் பக்கம் ஒருவர் 4,000 சதுர அடிக்குப் புல் கேட்டார். அவர் தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்தேன், அவ்வளவு கரிப்பு. முதலில் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள், அப்புறம் பேசலாம் என்றேன். முடிவு வந்த பிறகு வாசலுக்கு முன்னால் 600 சதுர அடி மட்டும் அருகம்புல், மீதிக்கு அடப்பங்கொடி, தாழை, புங்கை என்று பேசி முடித்தோம். எனக்கு அன்று வியாபாரம் குறைந்தது உண்மைதான். அவரே இரண்டு பேரை அனுப்பியிருக்கிறார். (அடப்பங்கொடியை, ராவணன் மீசையை யாரும் கடற்கரையிலிருந்து பிடுங்கிவரக் கூடாது, மணலைப் பிடித்து வைத்திருப்பதே அவைதான். குச்சி ஒடித்து நர்சரியில் வளர்த்ததை வாங்குங்கள்.)

---

பாம்பன்_தோட்டக்காரர்:

நர்சரி அண்ணன் சொன்னதோடு வாட்ஸ்அப் விஷயம் ஒன்று. ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்புகிற பிராட்காஸ்ட் லிஸ்டில் 256 பேரைச் சேர்க்கலாம், ஆனால் உன் நம்பரை அவர்கள் தங்கள் போனில் சேமித்து வைத்திருந்தால்தான் செய்தி போய்ச் சேரும். ஸ்டேட்டஸும் அப்படித்தான், இரண்டு பேரிடமும் நம்பர் இருக்க வேண்டும். அதனால் விசிட்டிங் கார்டு கொடுத்துவிட்டு வராதே. முதல் தடவை போகும்போதே, "என் நம்பரை 'புல்' என்று போட்டு சேவ் செய்துகொள்ளுங்கள்" என்று எதிரில் நின்று செய்ய வை. வாட்ச்மேன் நம்பரையும் வாங்கு, அவர்தான் அடுத்த வீட்டு வாட்ச்மேனிடம் பேசுகிறவர். சாதாரண வாட்ஸ்அப்பில் வைத்திருந்தால் பிசினஸ் ஆப்புக்கு மாற்று, அதில் கேட்டலாக் போடலாம்: புல் வெட்டு, ஓரம் எடுப்பு, களை, மேல்மண் தூவுதல், மாதப் பராமரிப்பு.

---

பெரியபட்டினம்_பச்சை:

இரண்டு கேள்வி மட்டும் பாக்கி. ஒன்று, கூகுளில் நல்லதாக எழுதுகிறவர்களுக்கு ஒரு தடவை இலவசமாக வெட்டித் தருகிறேன் என்று சொல்லலாமா? இரண்டு, கேட்டலாக்கில் விலை போடலாமா, வேண்டாமா?

---

கீழக்கரை_லாத்தா:

முதல் கேள்விக்கு வேண்டாம் தம்பி. பதிலுக்கு ஏதாவது கொடுத்து எழுத வைப்பதை கூகுளே அனுமதிப்பதில்லை, எடுத்துவிடுவார்கள். சும்மா கேட்டாலே எழுதுவோம். வேலை முடிந்து வீடியோ அனுப்புகிற அந்த நிமிடத்திலேயே லிங்கையும் அனுப்புங்கள், அப்போதுதான் மனது குளிர்ந்திருக்கும். பத்து நாள் கழித்துக் கேட்டால் மறந்துவிடுவோம். வீட்டுப் பெயர், தெருப் பெயர் எழுத வேண்டாம் என்றும் நீங்களே சொல்லிவிடுங்கள், அப்படிச் சொல்கிற ஆளை எங்களுக்குப் பிடிக்கும்.

---

திருப்புல்லாணி_நர்சரி:

விலை: மாதப் பராமரிப்புக்கு "இத்தனை சதுர அடி வரை இவ்வளவிலிருந்து" என்று ஆரம்ப விலை போடுங்கள். போடாவிட்டால் பாதிப் பேர் கேட்கக் கூச்சப்பட்டே போய்விடுவார்கள். புதிதாகப் புல் விரிப்பதற்கு மட்டும் விலை போடாதீர்கள். அந்த இடத்தில் "தண்ணீரையும் மண்ணையும் பார்த்துவிட்டுச் சொல்கிறோம்" என்று எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் நர்சரியில்தான் இருப்பேன், உங்கள் மூன்று வீட்டுத் தண்ணீரையும் தனித்தனி பாட்டிலில் எடுத்துக்கொண்டு வாருங்கள், உப்பு மீட்டர் இருக்கிறது, போட்டுப் பார்த்துவிடலாம். பார்க்கும்போதே போனில் எடுத்துக்கொள்ளுங்கள், முதல் வீடியோவுக்கு ஆகும்.